வைட்ஹாலில் மேலதிகாரியும் கடைநிலை ஊழியரும்

லண்டனில் அரசு அலுவலகங்கள் நிறைந்த பகுதி வைட்ஹால். மேலதிகாரி, கடைநிலை ஊழியர் இருவருக்கும் அங்கே அரசு வேலை. 1948 முதல் இலவச மருத்துவமும் உண்டு. அப்படியானால் யாருக்கு ஆயுள் அதிகம்? 1967இல் ஆண் ஊழியர்களிடம் தொடங்கிய வைட்ஹால் ஆய்வில் விடை கிடைத்தது.

மேலதிகாரிக்குத்தான் டென்ஷன், அதனால் மாரடைப்பும் அவருக்குத்தான் என்று அப்போது நம்பினார்கள் (இன்றும் பலர் நம்புகிறார்கள்). கணக்கு நேர்மாறாக வந்தது. கடிதம் சுமப்பவர், வாயிற்காவலர் போன்ற கடைநிலை ஊழியர்களின் இதயநோய் இறப்பு வீதம், உச்சியில் இருந்தவர்களைவிட ஏறக்குறைய 3 மடங்கு. சரி, கீழே இருப்பவர்கள் அதிகம் புகைபிடித்தார்கள், அதனால்தானே? ஓரளவுக்குத்தான். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்தும் வித்தியாசத்தின் பெரும்பகுதி அப்படியே நின்றது. இடைநிலை அதிகாரிகள்கூட தங்களுக்கு மேலே இருந்தவர்களைவிட மோசம். ஆக, இது வறுமையின் கதை மட்டுமல்ல.

1985இல் நோய்ப்பரவல் ஆய்வாளர் மைக்கேல் மார்மட் தலைமையில் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் பெண்களும் சேர்ந்தார்கள். வேலையில் சொந்தமாக முடிவெடுக்க முடியாதவர்களுக்கு இதயநோய் அதிகம் என்று அதில் தெரிந்தது. மேலதிகாரிக்கு வேலைப்பளு அதிகம்தான்; ஆனால் எதை எப்போது செய்வது என்பது பெரும்பாலும் அவர் கையில். கடைநிலை ஊழியருக்கு அது கிடையாது. சம்பளத்தை மட்டும் கூட்டினால் போதும், இந்த வித்தியாசம் போய்விடும் என்பவர்களோடு எனக்கு இங்கேதான் உடன்பாடில்லை.