முழு நோடு, ப்ரூன் நோடு: நடுவில் ஒரு வழி வேண்டும்

பிட்காயின் வலையமைப்பில் நம் கணினியை ஒரு நோடாக இணைக்கும் பிட்காயின் கோர் மென்பொருளைப் பல வருடமாக வீட்டில் ஓட்டுகிறேன். முதலில் பழைய பிளாக்குகளை (பரிவர்த்தனைத் தொகுப்புகளை) அழித்துவிடும் ப்ரூன் முறையில், அப்புறம் 1 டிபி எஸ்எஸ்டி வாங்கி எல்லாவற்றையும் வைத்திருக்கும் முழு நோடாக. மென்பொருள் அருமை, ஆனால் பழைய பிளாக்குகளை யார் சுமப்பது என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

ப்ரூன் 2015-ல், 0.11 பதிப்பில் வந்தது. ஒவ்வொரு பிளாக்கையும் இறக்கிச் சரிபார்த்துவிட்டுத்தான் பழையதை அழிக்கும், அதனால் நம்பகத்தன்மையில் ஒரு குறையும் இல்லை. பிளாக் கோப்புகளை 550 எம்பி வரை சுருக்கலாம். அன்றாடத்துக்கு அது போதும். பழைய வாலட்டை மீட்க ரீஸ்கேன் போடும்போதுதான், அதாவது அதன் பரிவர்த்தனைகளைப் பழைய பிளாக்குகளில் தேடும்போதுதான் இடிக்கும், வேண்டிய பிளாக் டிஸ்கில் இருக்காது, 600 ஜிபிக்கு மேல் மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும்.

இதைவிட என்னை உறுத்தியது வேறு. ப்ரூன் அளவை 100 ஜிபி என்று தாராளமாக வைத்தாலும், மற்ற நோடுகளுக்குக் கடைசி 288 பிளாக், அதாவது ஏறக்குறைய இரண்டு நாள் வரலாறுதான் போகும். அதற்கு முந்தையதைக் கேட்டால் இணைப்பே துண்டிக்கப்படும். மிச்சமெல்லாம் என் டிஸ்கில் யாருக்கும் உதவாமல் கிடக்கும். முழு நோடு வைத்தால் நேர் எதிர்: புதிதாக வருகிறவர்கள் 2009 முதல் நம்மிடம் கேட்பார்கள், அப்லோடு எகிறும். வரம்பு போட்டாலோ, ஒரு வாரத்துக்கு மேல் பழைய பிளாக்குகளைத் தருவதுதான் முதலில் நிற்கும்.

ஆளுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டால் என்ன? யார் கொடுத்த பிளாக்காக இருந்தாலும் அதன் 80 பைட் ஹெடரில் (தலைப்புப் பகுதியில்) உள்ள மெர்கிள் ரூட்டோடு, அதாவது எல்லாப் பரிவர்த்தனைகளின் சுருக்கக் குறியீட்டோடு ஒப்பிட்டால் பொய் உடனே தெரிந்துவிடும், கொடுப்பவரை நம்பத் தேவையில்லை. சிக்கல் தனியுரிமையில்: எந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது என்று அறிவித்தால் அதுவே என் கைரேகை, முகவரியை மறைக்கும் டோர் வழியாக வந்தாலும் அதே நோடு என்று கண்டுபிடிக்கலாம். நியாயமான பயம்தான். ஆனாலும் இது தீர்க்கவே முடியாத பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை.

இன்னொரு பிளாக்செயினான எத்திரியம் பக்கம் துணிந்து இறங்கிவிட்டார்கள். 2022 செப்டம்பர் மெர்ஜுக்கு (சுரங்க முறையை விட்டு ஸ்டேக்கிங்குக்கு மாறிய நிகழ்வுக்கு) முந்தைய வரலாற்றை நோடுகள் கழற்றிவிடலாம் என்று 2025 ஜூலையில் வழி திறந்தது, 300 முதல் 500 ஜிபி வரை மிச்சம். அந்தப் பழைய வரலாறு ஈரா என்ற வடிவக் கோப்புகளாக டொரண்டிலும் கிடைக்கிறது. இது சரியான திசை, ஆனால் டொரண்டில் சீட் செய்ய (கோப்பைப் பிறருக்குப் பகிர) ஆள் தொடர்ந்து இருக்க வேண்டும்; அந்தப் பொறுப்பை நெறிமுறையே பங்கு போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது.

இப்போது நோடு தொடங்குகிறவர்கள் முடிந்தால் 2 டிபி வாங்கி முழுதாக வையுங்கள். முடியாவிட்டால் ப்ரூன் போடுங்கள், வாலட் உருவாக்கிய தேதியை மட்டும் கட்டாயம் குறித்து வையுங்கள், ரீஸ்கேனை எங்கிருந்து தொடங்குவது என்று அதுதான் சொல்லும்.