ஃபைபர் பாடி கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: கறுப்புப் பூச்சுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பழைய ஃபைபர் பாடி கார் வைத்திருப்பவர்கள், அதிலும் மலையில் ஓட்டுபவர்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். சேஸ் (பாடியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம்) வெல்டிங், பிரேக் வேலை என்று 1,80,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, இரண்டையும் செய்யாமலே மூடி அனுப்பிய ஒரு ஒர்க்‌ஷாப்பைப் பற்றிய பதிவு இது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பதைத்தான் விவரமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் வண்டி. ஸ்டாண்டர்டு ஹெரால்டு சேஸின் மேல் இரண்டு பேர் உட்காரும் ஃபைபர் பாடி ஏற்றிய ஸ்போர்ட்ஸ் கார். ஹெரால்டு 1961 முதல் சென்னையில் தயாரான வண்டி. இப்போதைய கார்கள் மாதிரி பாடியும் சேஸும் ஒரே கூடு இல்லை. போல்ட்டுகளைக் கழற்றினால் பாடி தனியாக வந்துவிடும். இங்கிலாந்தில் 1960, 70களில் கிட் கார் (பாகங்களாக வாங்கித் தாங்களே பூட்டிக்கொள்ளும் கார்) கட்டியவர்கள் பலர் ஹெரால்டு சேஸைத் தேடிப் போனதற்கு இதுதான் காரணம். முழுக் காருக்கு அங்கே இருந்த கொள்முதல் வரி, பாகமாக வாங்கிக் கட்டினால் கிடையாது. 1973-இல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது. அதே முறையில் நம் ஊரில் யாரோ ஆசையாகக் கட்டிய வண்டி என்னுடையது.

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் குடும்பத்திடம் வாங்கினேன். ஆர்.சி. புத்தகத்தில் பாடி மாற்றம் அந்தக் காலத்திலேயே ஏறியிருந்தது. வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன் நான் கேட்டு வாங்கிப் பார்த்தது அதைத்தான். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், அதை உறுதிசெய்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் தெரிந்தவர்களுக்கு ஏன் என்று புரியும். ஆர்.சி.யில் இல்லாத மாற்றம் செய்த வண்டியைச் சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள். விற்றவர்கள் நேர்மையானவர்கள். ஒயரிங் சரியில்லை, சேஸில் துரு இருக்கிறது, பிரேக்கை நம்பாதீர்கள் என்று அவர்களே சொல்லி, அதற்கேற்ற விலைதான் வாங்கினார்கள்.

அப்புறம் கையில் காசு வரவர ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். முதலில் ஒயரிங். பிறகு கார்புரேட்டர். குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரம்; காற்று மெலிந்திருப்பதால் கீழே சரியாக இருக்கும் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) இங்கே பெட்ரோலை அதிகம் விடும், பிளக் கரி பிடிக்கும், இன்ஜினுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். உள்ளூர் மெக்கானிக் அண்ணன் பொறுமையாக ஜெட் மாற்றி மாற்றிப் பார்த்து அதைச் சரிக்குக் கொண்டுவந்தார். அன்றைக்கு லவ்டேல் ஏற்றத்தில் வண்டி இழுத்த இழுப்பை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. பழைய வண்டியை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவருவதைவிட நிறைவான வேலை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்தது. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு ஊட்டி ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்ட வேண்டும். அதற்குள் சேஸையும் பிரேக்கையும் முடித்துவிட நினைத்தேன். பாடியைத் தூக்கி வேலை செய்ய அண்ணனிடம் இடம் இல்லை. அதனால் கீழே சமவெளியில், பழைய கார் வேலைக்குப் பெயர்போன ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

பேசிக்கொண்டது இவ்வளவு: பாடியை இறக்க வேண்டும். சேஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் அவுட்ரிக்கர்களில் துருப்பிடித்ததை வெட்டிவிட்டுப் புது இரும்பு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். சாண்ட் பிளாஸ்டிங், பிரைமர். நான்கு வீல் சிலிண்டரும் (சக்கரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கவைப்பது), பிரேக் ஆயில் போகும் ஹோஸும், லைனும் புதுசு. எல்லாம் எஸ்டிமேட்டில் எழுத்தில் இருக்கிறது. பாடி இறக்கிய பிறகு போட்டோ கேட்டேன், அனுப்பினார்கள். சுத்தமாக பிளாஸ்டிங் செய்த சேஸ், அழகான வெல்டிங். அது என் வண்டியின் சேஸே இல்லை! என் சேஸில் முன்பக்கம் ஒரு பழைய பேட்ச் உண்டு, படத்தில் அது இல்லை என்று அண்ணன்தான் பிறகு கண்டுபிடித்துக் காட்டினார்.

வண்டி அடியில் பளபளவென்று கறுப்பு அண்டர்கோட்டிங்கோடு வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறி வந்தபோது ஒன்றும் தெரியவில்லை. ஏற்றத்தில் பிரேக்குக்கு வேலையே கிடையாது. இறக்கத்தில்தான் குட்டு வெளிப்பட்டது. தங்கை மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்கினேன். பர்லியார் வருவதற்கு முன் பெடல் மெத்தென்று ஆனது, இரண்டு முறை பம்ப் செய்தேன், மூன்றாவது முறை தரையைத் தொட்டுவிட்டது. இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்ததாலும், ஹேண்ட் பிரேக் தனியாகக் கேபிளில் வேலை செய்வதாலும்தான் மலை ஓரமாக ஒதுக்கி நிறுத்த முடிந்தது. மறுபக்கம் பள்ளம். அந்தப் பையனை வைத்துக்கொண்டு அப்படி ஒரு நிமிடம் யாருக்கும் வரக்கூடாது.

வண்டியை லாரியில் ஏற்றி அண்ணனிடம் கொண்டுபோனோம். டிரம்மைக் கழற்றினால், பழைய வீல் சிலிண்டர்களுக்கே சில்வர் பெயின்ட் அடித்து மாட்டியிருந்தார்கள். ஒன்று கசிந்து லைனிங் ஊறிப்போயிருந்தது. இது ஒரே லைன் பிரேக், ஒரு இடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. பிரேக் ஆயிலையும் மாற்றவில்லை, டீ டிகாஷன் நிறத்தில் இருந்தது. டாட் 3 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்த ஆயில் 140-லேயே கொதித்துவிடலாம். நீலகிரி மூடுபனியில் நிற்கும் வண்டிக்கும் பதினான்கு கொண்டை ஊசி வளைவு இறங்கும் வண்டிக்கும் இது உயிர்ப் பிரச்சினை.

சேஸ் இன்னும் மோசம். அண்ணன் ஸ்க்ரூடிரைவரால் அவுட்ரிக்கரைத் தட்டினார். நல்ல இரும்பு ‘டங்’ என்று சொல்லும். இது ‘தொப்’ என்றது. குத்தினால் கறுப்புப் பூச்சு கிழிந்து உள்ளே புட்டி, அதற்குள் ஃபைபர் பாய். துரு ஓட்டைகளை அப்படியே விட்டு அடைத்திருக்கிறார்கள். பாடியைக் கழற்றவே இல்லை. போல்ட் தலைகளில் பழைய பெயின்ட் உடையாமல் இருந்தது.

போன் செய்தேன். "சார், இது ஷோவுக்கு வச்சுக்கிற வண்டி. மலையில ஓட்டுவீங்கன்னு நீங்க சொல்லலையே" என்றார் ஓனர். டி.என். 43 என்ற நீலகிரி நம்பர் பிளேட்டும் குன்னூர் முகவரியும் அவர் போட்ட பில்லிலேயே இருக்கின்றன. அதன்பிறகு போனை எடுக்கவில்லை. சிலிண்டருக்கு சில்வர் அடித்தவனுக்கு அது பிரேக் என்று தெரியும். பணம் போனதைவிட எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

சிபானி டால்ஃபின், சான் ஸ்டார்ம் மாதிரி ஃபைபர் பாடி வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். மேலே பாடி துருப்பிடிக்காது, காந்தமும் ஒட்டாது, வண்டி எப்போதும் புதுசாகவே தெரியும். கேடெல்லாம் அடியில். ஆகவே சேஸில் காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். புட்டி இருக்கும் இடத்தில் பிடி தளரும். அண்டர்கோட்டிங்கை வேலையோடு சேர்த்து அடிக்க விடாதீர்கள். வெல்டிங்கை வெறும் இரும்பாகப் பார்த்த பிறகு அடிக்கட்டும். போட்டோ கேட்டால் சேஸ் நம்பரில் தொடங்கி வெல்டிங் வரை நிறுத்தாமல் எடுத்த வீடியோவாகக் கேளுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் திரும்ப வேண்டும் என்று எஸ்டிமேட்டிலேயே எழுதிவாங்குங்கள். பணத்தையும் வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள்.

ஏமாந்தவர்கள் சும்மா விடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஒர்க்‌ஷாப் எந்த ஊரில் இருந்தாலும் சரி. நான் ஊட்டியில்தான் கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். எஸ்டிமேட், பில், அவர்கள் அனுப்பிய போட்டோ, வாட்ஸ்அப் பேச்சு, அண்ணன் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் எல்லாம் மனுவோடு வைத்திருக்கிறேன். அண்ணன் பிறகு வெட்டி எடுத்த அவுட்ரிக்கர் துண்டுகளும் அந்த நான்கு சிலிண்டர்களும் பத்திரமாக இருக்கின்றன. உங்கள் வண்டி இப்போது ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் இதே வேலைக்கு நிற்கிறது என்றால், பூச்சு அடிப்பதற்கு முன் நேரில் போய் அடியில் படுத்துப் பார்த்துவிடுங்கள்.