ஒட்டுமீசைக்கு ஸ்பிரிட் கம்மா, ப்ராஸ்-எய்டா?

சீரியலில் தாத்தா, படத்தில் இன்ஸ்பெக்டர் என்று மாறி மாறி வேஷம் கட்டுபவருக்கு மீசை ஒட்டும் பசை சரியாக அமையாவிட்டால் நடிப்பில் கவனமே நிற்காது. பாதி மனசு உதட்டோரத்திலேயே இருக்கும்.

ஸ்பிரிட் கம் மரப்பிசினை ஆல்கஹாலில் கரைத்த, நாடக மேடைக் காலத்துப் பசை. லேஸில், அதாவது மெல்லிய வலைத்துணியில், முடி கட்டிய மீசைக்கு இன்றும் இதற்குத்தான் முதலிடம். பளபளப்பைக் குறைக்கும் ‘மேட்’ வகையாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன புட்டியே போதும். திறந்து வைத்தால் ஆல்கஹால் ஆவியாகி, பசை பாகு மாதிரி இறுகிவிடும்.

இதைப் பற்றி வரும் புகார்களில் பாதி, அவசரத்தால் வருபவை. சவரம் செய்த தோலில் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு, பவுண்டேஷன் போடுவதற்கு முன்பே மெல்லிசாகத் தடவ வேண்டும். பிறகு விரல் நுனியால் தட்டிக்கொண்டே இருங்கள். விரலை எடுக்கும்போது நூலிழையாக இழுத்தால் அதுதான் பதம். அதற்கு முன்பே லேஸை வைத்தால் பசை கண்ணிகள் வழியே மேலே கசிந்து, க்ளோஸ்-அப்பில் மினுங்கும். ஈரம் பிழிந்த நைலான் துணியால் அழுத்துங்கள். டிஷ்யூ நார் விடும். உதட்டோரத்தை ஒட்டும்போது வாய் லேசாகத் திறந்திருக்கட்டும். இறுக மூடிய வாயில் ஒட்டினால் முதல் நீள வசனத்திலேயே ஓரம் கிளம்பும்.

வியர்வைதான் இதன் எதிரி. மேலுதடு வியர்ப்பவருக்கு மதியத்துக்குமேல் தாங்காது. பழைய பசைமேலேயே மறுபடி தடவினால் ஓரம் தடித்துத் தெரியும். துடைத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். பீடி பற்றவைக்கும் காட்சியா? முழுக்கக் காய்ந்த பிறகே தீக்குச்சியைத் தொடுங்கள், ஆல்கஹால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

ப்ராஸ்-எய்ட் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் பசை. பால் போல வெள்ளையாக இருக்கும். நிறமில்லாமல் தெளிந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வியர்வைக்கு அசையாது, தோலோடு சேர்ந்து வளையும். செயற்கை மூக்கு, தழும்பு, முதுமைச் சுருக்கம் ஒட்ட இதுவே மேல். ஆனால் காய்ந்த பிறகும் பிசுபிசுப்பதால் பவுடர் போட்டே ஆகவேண்டும். தோல், ஒட்டும் துண்டு இரண்டிலும் தடவிக் காயவைத்து ஒட்டினால், தொட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. லேஸில் பட்டால் சுத்தம் செய்வதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

கழற்றும்போது இரண்டையுமே பிய்க்கக் கூடாது. அதற்கான ரிமூவரைப் பிரஷ்ஷில் தொட்டு, ஓரத்திலிருந்து உள்ளே விட்டு, தானாக நெகிழ்ந்த பிறகு எடுங்கள். லேஸை டிஷ்யூமேல் வைத்து, 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் ஒற்றியெடுத்தால் ஸ்பிரிட் கம் இறங்கிவிடும். தேய்த்தால் முடிச்சு அவிழும்.

மரப்பிசின் சிலருக்கு ஒவ்வாது. படப்பிடிப்புக்கு இரண்டு நாள் முன்பே முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு தடவிப் பார்த்துவிடுங்கள். சிவந்து அரித்தால் ப்ராஸ்-எய்டைச் சோதித்துப் பாருங்கள்.