யென்ஸ் எவென்சனைப் படிக்க: சர்வதேச நீதிமன்ற இணையதளம்

கப்பலில் செகண்ட் ஆபீசராக இருந்துவிட்டு இப்போது கடல்சார் சட்டம் படிக்கிறேன். தி ஹேக் சர்வதேச நீதிமன்றத்தின் இணையதளத்தில் நான் தேடித் தேடிப் படித்தது ஒரே ஒருவரை: நார்வேயின் சட்ட நிபுணர் யென்ஸ் எவென்சன். காசு கட்ட வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம். தீர்ப்புகள் பிடிஎஃப்-ஆக அப்படியே கிடைக்கின்றன.

1951 மீன்பிடி வழக்கில் தொடங்குங்கள். வெளித்தீவுகளையும் பாறைகளையும் நேர்கோடுகளால் இணைத்து, அங்கிருந்து 4 கடல் மைல் தனக்கே என்று நார்வே 1935-இல் ஆணையிட்டிருந்தது. பிரிட்டன் எதிர்த்தது. அந்த முறை செல்லும் என்று 10-க்கு 2 வாக்குகளில் தீர்ப்பு. நார்வே தரப்புக்கு உதவியவர்களின் பட்டியலில் 34 வயது எவென்சன் இருக்கிறார். அந்தக் கரையைக் கடல் வரைபடத்தில் பார்த்தவர்களுக்கு நார்வேயின் நியாயம் உடனே பிடிபடும்.

எனக்கு மிகப் பிடித்தது 1982-இன் துனீசியா–லிபியா கண்டத்திட்டு (கரையிலிருந்து கடலுக்கடியில் தொடரும் நிலப்பகுதி) வழக்கு. துனீசியா தன் சார்பில் நியமித்த நீதிபதியாக அமர்ந்து, பெரும்பான்மைக்கு எதிராக எழுதுகிறார். எல்லை பிரிக்க, இரு நாட்டுக் கரைகளிலிருந்தும் சம தூரத்தில் ஓடும் நடுக்கோட்டை ஏன் தொடக்கமாகக்கூட எடுக்கவில்லை என்பதே அவருடைய கேள்வி. 1965-இல் வடகடலைப் பிரிட்டனும் நார்வேயும் நடுக்கோட்டில் பிரித்துக்கொண்டபோது நார்வே வெளியுறவு அமைச்சகத்தின் சட்டப் பிரிவுத் தலைவர் இவர்தான். அந்த அனுபவத்தின் உறுதி எழுத்தில் தெரிகிறது.

1993 யான் மாயென் வழக்கைக் கட்டாயம் படியுங்கள்: நார்வேயின் யான் மாயென் தீவுக்கும் டென்மார்க்கின் கிரீன்லாந்துக்கும் இடையிலான கடல் எல்லை பற்றியது. அப்போது எவென்சன் நீதிமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட நீதிபதிகளில் ஒருவர். நார்வே கேட்டது நடுக்கோடு. நீதிமன்றம் அதில் தொடங்கி, கிரீன்லாந்தின் நீண்ட கரையைக் கணக்கில் கொண்டு கோட்டை டென்மார்க்குக்குச் சாதகமாக நகர்த்தியது. தன் நாடு கேட்ட கோடு கிடைக்காத அந்தத் தீர்ப்புக்கு எவென்சனும் வாக்களித்தார். இதற்காகவே அவர்மேல் என் மரியாதை பல மடங்கு கூடியது.

அரசியல்வாதி எவென்சன் மட்டும் இங்கே கிடைக்கமாட்டார். கடல்சட்ட அமைச்சராக இருந்த ஆண்டுகள், 1977-இல் நார்வேயின் 200 மைல் பொருளாதார மண்டலம் (கடல் வளங்கள் கரை நாட்டுக்கே உரிய பகுதி) நடைமுறைக்கு வந்தது ஆகியவற்றை வேறு இடங்களில்தான் தேட வேண்டும். ஐ.நா. கடல்சட்ட மாநாட்டின் ஆவணங்களும் இணையத்தில் இலவசமே.

தீர்ப்புகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டும்தான். 1982 தீர்ப்பு நீளம். சுருக்கத்தைப் படித்துவிட்டு நேராக எவென்சனின் மாறுபட்ட கருத்துக்குப் போங்கள். யான் மாயென் தீர்ப்பின் வரைபடங்களைப் போனில் பார்க்காதீர்கள், கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள்.