'95 சதவீதம் கொழுப்பற்றது' என்ற வாசகத்தை நம்பி நான் ஏமாந்த விதம்

ஒரு நாளில் உண்ணும் மொத்தக் கலோரியில் 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்பிலிருந்து வரக் கூடாது என்று மருத்துவர் எனக்குக் கட்டுப்பாடு விதித்திருந்தார். அதை மதித்தே, '95 சதவீதம் கொழுப்பற்றது' என்று முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்ட பதப்படுத்திய இறைச்சித் துண்டுகளை எட்டு மாதங்களாக வாங்கி உண்டு வந்தேன். மிச்சம் 5 சதவீதம்தானே என்ற நிம்மதியில், பொட்டலத்தை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

உணவியல் ஆலோசகர் கேட்டுக்கொண்டதால் அந்த உறையை எடுத்துச் சென்ற அன்றுதான் உண்மை தெரிந்தது. பின்புற அட்டவணையின்படி, 100 கிராமில் கொழுப்பு 5 கிராம், புரதம் 17 கிராம், மாவுச்சத்து ஒன்றரை கிராம், மொத்தம் 119 கலோரி. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். புரதமும் மாவுச்சத்தும் கிராமுக்கு 4 கலோரிதான் தரும். ஆகவே 5 கிராம் கொழுப்பிலிருந்து வருவது 45 கலோரி. அதை 119ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 38 சதவீதம். வரம்புக்கு வெகு கீழே இருப்பதாக நான் எண்ணியிருந்த உணவு, வரம்பைத் தாண்டி நின்றது.

இந்த வித்தையின் சூட்சுமம் தண்ணீரில் இருக்கிறது. அந்த 100 கிராமில் முக்கால் பங்கு நீர். நீருக்கு எடை உண்டு, கலோரி கிடையாது. எடையை வைத்துச் சதவீதம் போட்டால், நீர் கூடக் கூடக் கொழுப்பு குறைந்தது போலத் தோன்றும். 2 சதவீதக் கொழுப்புள்ள பாலிலும் இதே கதைதான்: அதன் கலோரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பிலிருந்தே வருகிறது.

தயாரிப்பு நிறுவனத்துக்கு எழுதினேன். எடையின்படி வாசகம் சரியானதே என்றும், கொழுப்புக்கு எதிரே 6 சதவீதம் என்று தாங்கள் தெளிவாக அச்சிட்டிருப்பதாகவும் பதில் வந்தது. இரண்டாவது விளக்கம் முதலாவதைவிட மோசமானது. அந்த 6 சதவீதம், நாளொன்றுக்கு 78 கிராம் கொழுப்பு என்ற பொது அளவுகோலில் 5 கிராம் எத்தனை பங்கு என்பதைத்தான் சொல்கிறது. அந்த உணவின் கலோரியில் கொழுப்பின் பங்கை அல்ல. இதைச் சுட்டிக்காட்டி மீண்டும் எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

அதன்பின் சமையலறையில் இருந்த ஒவ்வோர் உறையையும் திருப்பிப் படித்தேன். எண்ணெய்த் தெளிப்பான் ஒன்றில் கொழுப்பு 0, கலோரி 0 என்றிருந்தது. உள்ளே இருந்ததோ ஏறக்குறைய முழுக்க எண்ணெய்! ஒரு பரிமாறலின், அதாவது ஒருவேளைப் பயன்பாட்டுக்கென உறையில் குறிக்கப்படும் பங்கின், அளவைக் கால் கிராம் என்று குறித்துவிட்டால், அமெரிக்க விதிகள் போன்றவற்றின்படி அரை கிராமுக்குக் குறைந்த கொழுப்பைச் சுழியம் என்றே அச்சிடலாம். கால் கிராம் தெளித்துச் சமைப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது; நான் அதைப் போல இருபது மடங்கு தெளித்துக்கொண்டிருந்தேன். எனவே பரிமாறல் அளவை முதலில் பாருங்கள். ஆற்றல் கலோரியில் இல்லாமல் கிலோஜூல் என்ற அலகில் மட்டும் தரப்பட்டிருந்தால், கொழுப்பின் கிராமை 9க்குப் பதிலாக 37ஆல் பெருக்குங்கள்.

கணக்கு கைவந்த வேகத்தில் நான் மறுகோடிக்கும் போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 100 கிராம் கீரையில் இருப்பது இருபது கலோரிக்குச் சற்று அதிகம்; அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்தால் கொழுப்பின் பங்கு 70 சதவீதத்தை எட்டிவிடும். அதைக் கண்டு பயந்து சில நாள் கீரையை ஒதுக்கியே வைத்தேன். 30 சதவீதம் என்பது நாள் முழுவதற்குமான வரம்பு, ஒரு தட்டுக்கானது அன்று என்று ஆலோசகர் திருத்திய பிறகு கீரை திரும்பி வந்தது. அந்த இறைச்சிப் பொட்டலம் வரவில்லை.