இயற்கை முறையா, ரசாயன முறையா: காய்கறியில் எது கட்டுப்படியாகும்?

உரச் செலவு
ரசாயனம்: யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). 100 கிலோ தழைச்சத்துக்குச் சுமார் 217 கிலோ யூரியா போதும்.
இயற்கை: 1 சதவீதம் தழைச்சத்துள்ள மட்கிய உரம் என்றால் அதே அளவுக்கு 10 டன் வேண்டும். அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். உரத்தின் விலையைவிட ஏற்றி இறக்கிப் பரப்பும் கூலிதான் கையைக் கடிக்கும். சொந்த மாடும் சாணமும் இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

களை
ரசாயனம்: மருந்துத் தெளிப்பு, குறைந்த ஆள்.
இயற்கை: கைக்களை, மூடாக்கு (வைக்கோல், சருகு கொண்டு மண்ணை மூடுவது). வெங்காயம், கேரட் போல மெதுவாக வளரும் பயிரில் இரண்டு களையெடுப்பு தள்ளிப்போனால் விளைச்சல் படுத்துவிடும்.

விளைச்சலும் விலையும்
இயற்கை முறையில் விளைச்சல் சராசரியாக 20 முதல் 25 சதவீதம் குறையும். 20 சதவீதம் குறைந்தால், அதே வருமானத்துக்கு விலை 25 சதவீதம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். கூடுதல் கூலி இதில் சேரவில்லை. பலர் சறுக்குவது இங்கேதான். இயற்கை விளைபொருள் என்ற சான்று பெற இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை விளைச்சலும் குறைவு, விலையும் சாதாரண விலையே.

யாருக்கு எது?
வாங்குபவர் முன்பே உறுதியாக இருந்து, வீட்டு ஆட்களே உழைக்கும் சிறு நிலத்துக்கு இயற்கை முறை. கூலியாட்களை நம்பி மொத்தச் சந்தைக்கு அனுப்பும் பெரிய பரப்புக்கு ரசாயன முறை. மாற நினைப்பவர்கள் நிலத்தில் கால் பங்கை மட்டும் முதலில் மாற்றுங்கள். மீதி நிலத்தின் வருமானம் அந்த இடைக்காலத்தைத் தாங்கும்.