கனடியராவதா, சுவிஸ்காரராவதா?
நிரந்தர வதிவுரிமை பெற்றவர் கனடாவில் ஐந்தாண்டுகளில் 1,095 நாள்கள் வசித்திருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வில் 20 கேள்விகள். 15 சரியானால் தேர்ச்சி. முதற்குடிகள், இனுயிட், மெத்தீஸ் ஆகிய பூர்வகுடி மக்கள் பற்றியும் படித்துவைக்க வேண்டும். ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு போதும். 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு மொழிச் சோதனை, தேர்வு இரண்டுமே இல்லை. நம் அம்மாக்களுக்கு ஏற்ற நாடு.

சுவிட்சர்லாந்து லேசில் மசியாது. பொதுவாகப் பத்தாண்டு வாசம் வேண்டும். நடுவண் அரசு, மாநிலம், ஊராட்சி மூன்றும் சம்மதிக்க வேண்டும். ரோமான்ஷ் உட்படத் தேசிய மொழிகள் நான்கு என்றாலும், சூரிச்சில் இருப்பவர் ஜெர்மன் பேசியே ஆக வேண்டும். எனக்குப் பிடித்த விசித்திரம் கடவுச்சீட்டில் இருக்கிறது: பிறந்த ஊருக்குப் பதிலாக ‘பூர்வீக ஊர்’ அச்சாகும். யாழ்ப்பாணத்தில் பிறந்து சூரிச்சில் குடியுரிமை பெற்றவருக்கு, பூர்வீகம் சூரிச்!